வசன காலண்டர்: வாங்குங்கள், பக்கத்தில் பைபிளும் இருக்கட்டும்

டிசம்பர் பிறந்தால் ஆலய வாசலில் மேசை போட்டு விற்பார்களே, நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற வசன காலண்டர், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இது இல்லாமல் புதுவருடம் பிறந்ததில்லை. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற நல்லதும் குறையும் இந்த மாதிரி காலண்டர்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

மற்ற தினசரி காலண்டர்களில் ராகு காலமும் எமகண்டமும் இருக்கிற இடத்தில் இதில் வசனம். பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு தியானம், கடைசியில் ஒரு வரி ஜெபம். வசனத்தின் எழுத்து நல்ல பெரிதாக இருப்பதால் அம்மா கண்ணாடி தேடாமலே படித்துவிடுகிறார்கள். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள்), பரிசுத்த வாரம், அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்) எல்லாம் ஒழுங்காகக் குறித்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தாளில் அன்றைய ஆராதனைப் பாடங்களும் உண்டு. தாள் மட்டும் மெல்லிசு, பின்பக்கத்து மை முன்னால் தெரிகிறது, சில நாள் இரண்டு தாள் சேர்ந்தே கிழிந்து வருகிறது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை. எந்த வசனத்தைப் பொறுக்குகிறார்கள், அதை வைத்துப் பின்பக்கம் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஜனவரி 1 அன்று எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று வருகிற வசனம், எல்லோருக்கும் மனப்பாடம். பின்பக்கத் தியானமோ இந்த வருடம் பதவி உயர்வு வரும், தடைப்பட்ட கல்யாணம் நடக்கும் என்று போகிறது. ஆனால் அதே அதிகாரத்தை எடுத்துப் படித்தால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பின கடிதம். கி.மு. 597-இல் ராஜாவோடு சேர்த்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்கள் அவர்கள். பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதாவது அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்பட்டது. பதவி உயர்வை விட இது எவ்வளவு பெரிய நம்பிக்கை! அந்தப் பின்பக்கத்தில் இதற்கு நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இது ஏதோ படிப்பாளிகளின் வாதம் இல்லை. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் தாளில், பைபிளின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்திலிருந்து 118:17 வந்தது. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." பின்பக்கம், விசுவாசித்தால் எந்த வியாதியும் நிற்காது என்று எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஏம்மா, அப்போ எனக்கு சரியாகலைன்னா விசுவாசம் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்கள். இந்தக் காலண்டர் மேல் எனக்குள்ள வருத்தம் மொத்தமும் அந்தக் கேள்விதான். படுக்கையில் கிடக்கிற மனுஷன் இப்படிக் கேட்கிற நிலைமைக்கு ஒரு வசனத்தைக் கொண்டுவந்து விடக்கூடாது.

அன்று ராத்திரி ஜெபத்தில் 118 முழுவதையும் சத்தமாக வாசித்தோம். யூதர்கள் தங்கள் பஸ்கா பண்டிகையில் பாடுகிற சங்கீதங்களில் இது கடைசியாக வருவது. இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறாரே, அந்தப் பாட்டு இந்தச் சங்கீதங்கள்தான் என்பது வேத அறிஞர்கள் பலரின் கருத்து. அப்படியானால் "நான் சாவாமல்" என்று பாடிய கையோடுதான் ஆண்டவர் சிலுவைக்கு நடந்திருக்கிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? அப்பாவிடம் இதைச் சொன்னபோது பதில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இதே காலண்டரில் ஆபகூக் 3:17 வந்த நாள் உண்டு. அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை, ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிற இடம். அதன் தியானத்தை எழுதியவர் யாரோ வெள்ளாமை தெரிந்தவர். மழை பொய்த்த வருடத்தில் கடனுக்கு வட்டி கட்டுகிறவன் இதை எப்படிப் படிப்பான் என்று எழுதிவிட்டு, அவனுக்கு ஆறுதல் சொல்ல அவசரப்படாமல் நிறுத்தியிருந்தார். அப்பா அந்தத் தாளைக் கிழித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்கள். இன்னொரு நாள் புலம்பல் 3:22, "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே." எருசலேம் இடிந்து கிடக்கும்போது எழுந்த வார்த்தை என்பதை அந்தத் தியானம் மறைக்கவில்லை. இப்படி எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்பதால்தான் மற்ற நாட்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை.

நாளுக்கு ஒரு வசனம் என்பது புதுப் பழக்கமும் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரின் மொராவிய சபையார் என்கிற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் 1728-இல் இதைத் தொடங்கினார்கள், 1731-இலிருந்து வருடா வருடம் புத்தகமாகவே வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள், அப்புறம் அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சேர்ப்பார்கள். ஜனவரி 1-க்கு எல்லோருக்கும் பிடித்ததாகப் பார்த்துப் பொறுக்குகிற வேலை அங்கே இல்லை. நம் காலண்டர்களுக்கும் இதில் கொஞ்சம் வந்தால் நல்லது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுகையும் முறையீடும்தான், ஆனால் 88-ஆம் சங்கீதத்தை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. கடைசி வரிவரைக்கும் வெளிச்சம் வராத சங்கீதம் அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதைவிடத் துணை எது?

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு நாள் வாசிக்க நல்ல வசதி. வசனத்தை வாசித்ததும் பைபிளில் அந்த அதிகாரத்தை எடுத்து முன்னும் பின்னும் படித்துவிடுங்கள், அதற்கப்புறம் பின்பக்கத்தைப் பாருங்கள். பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்: அதிகார எண்ணைப் பெரிதாகப் போடுங்கள், வியாதியைப் பற்றிய தியானங்களை ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளோடு ஜெபிக்கிற ஒரு போதகரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள் என்று. பதில் இன்னும் வரவில்லை. வாங்குகிறவர்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், பெரிய அளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, சின்னதில் பின்பக்கத் தியானம் கிடையாது.