ஏலகிரி கிறிஸ்தவ தியான இல்லம்: மௌனத்துக்கு நான்கு ஸ்டார், ஞாயிறுக்கு இரண்டு

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு பஸ்ஸில் 14 கொண்டை ஊசி வளைவு. அறை சுத்தம், கொசுவலைதான் கிழிசல். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாம்பார் வாளியோடு வருபவர்கூட கண்ணால்தான் கேட்கிறார்.

காசுக்கு மதிப்பு, மாலையில் ஐயரம்மாவோடு (போதகரம்மா) பேசும் அரை மணி நேரம். சர்ச் கமிட்டி எலெக்‌ஷன் சண்டையில் சபையையே விட்ட ஒரு தம்பி, "இயேசுவும் தனியாத்தானே ஜெபிச்சார்?" என்றான்.

"ஆமாப்பா, பைபிள்ல மாற்கு 1:35. சீடர் சீமோன் தேடி வந்ததும், அடுத்த ஊருக்குப் போகலாம்னு அவங்களையும் கூட்டிக்கிட்டுத்தானே கிளம்பினார்? கர்த்தரை நம்புறதுல நான் ஒருத்தன்தான் மிச்சம்னு தீர்க்கதரிசி எலியா புலம்பினப்ப, 7000 பேர் இருக்காங்கன்னு கர்த்தர் சொல்லலையா?"

தம்பி வாயைத் திறக்கவில்லை. மேய்ப்பராக இருக்கவேண்டிய போதகரே ஆடுகளை அடிக்கிற சபையென்றால் விலகுவது வேறு கணக்கு. அதையும் ஐயரம்மா மழுப்பாமல் சொன்னார்.

இவ்வளவு பேசிவிட்டு ஞாயிறு ஆராதனையை இல்லத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வது எனக்கு ஒட்டவில்லை. மலையிலிருக்கும் சபைக்கு எங்களை அனுப்பியிருக்கலாம். டிசம்பரில் போனால் ஸ்வெட்டர் அவசியம்.