முதல் எம்எம்ஏ ஃபைட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்கள்: எதில் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்

குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டையான எம்எம்ஏவில் ஃபைட் உறுதியானதும் பெரும்பாலான பசங்க முதலில் ஆர்டர் போடுவது 4 அவுன்ஸ் கிளவுஸ். உண்மையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் சிவப்பு மூலைக்கும் நீல மூலைக்கும் கிளவுஸை நடத்துபவர்களே கொடுத்துவிடுவார்கள். சொந்தக் கிளவுஸைப் பையிலிருந்து எடுக்கவே விடமாட்டார்கள். மவுத்கார்டும் (பல்லைக் காக்கும் உறை) கப்பும் (அடிவயிற்றுக்குக் கீழே உறுப்பைக் காக்கும் கவசம்) அப்படியல்ல, அவை உங்கள் பொறுப்பு. ஆகவே கையில் இருக்கும் பணம் இந்த வரிசையில் போகட்டும்: மவுத்கார்டு, கப், ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கிளவுஸ், ஷின்கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் காக்கும் உறை). மற்றதெல்லாம் பிறகு.

வாங்கும் முன் போட்டியின் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2012-ல் தொடங்கிய சர்வதேச அமெச்சூர் கூட்டமைப்பான ஐஎம்எம்ஏஎஃப் விதியில் நடக்கும் போட்டி என்றால் மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்று. ஷின்கார்டும் ரேஷ்கார்டும் (உடலோடு ஒட்டிய பனியன்) கட்டாயம். முழங்கை அடிக்கும் தலைக்கு முழங்கால் அடிக்கும் இடமில்லை. புரொஃபஷனல் பாணியில் நடத்துகிறவர்கள் ஷின்கார்டு கேட்க மாட்டார்கள். எந்த விதி என்று தெரியாமல் வாங்கினால் பாதிச் சாமான் அலமாரியில்தான் தூங்கும்.

மவுத்கார்டு

இது இல்லாமல் ரவுண்டு தொடங்காது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் வெந்நீரில் போட்டுக் கடித்து உருவமைக்கும் வகை. ஷாக் டாக்டர் ஜெல் மேக்ஸ் மாதிரி, வெளியே உறுதியான சட்டமும் உள்ளே மென்மையான ஜெல்லும் இருக்கும் இரண்டடுக்குப் பொருள் முதல் ஃபைட்டுக்குத் தாராளமாகப் போதும். ஒரே அடுக்கில் வரும் மலிவான ரப்பர் வகையை வாங்காதீர்கள். வாயை மூடி வைத்திருக்கும் வரைதான் அது பல்லில் நிற்கும். மூச்சு வாங்க வாயைத் திறந்ததும் நழுவும்.

நல்ல மவுத்கார்டும் கெட்டுப்போவது வார்த்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, குமிழ் அடங்கிய பிறகு போடுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்திலேயே போட்டால் ஓரங்கள் சுருண்டு உருவமே போய்விடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் விடாதீர்கள். சாதாரணமாக 20, 30 விநாடிதான் இருக்கும். எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரு நொடி காட்டி, கண்ணாடி முன் நின்று நடுக்கோட்டை மேல்பல் நடுவில் பொருத்தி, மெதுவாகக் கடியுங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறோம். பலம் கொண்ட மட்டும் கடித்தால் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் பொருள் காகிதம் போல் மெலிந்துவிடும். தாடையில் குத்து விழும்போது தாங்க வேண்டிய இடமே அதுதான். கடித்தபடி உதட்டுக்கு மேலே விரலால் அழுத்தி, காற்றையும் எச்சிலையும் உள்ளே உறிஞ்சுங்கள். அரை நிமிடம் கழித்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள்.

சோதனை எளிது. வாயை முழுக்கத் திறங்கள். மேல்பல்லிலேயே ஒட்டி நிற்க வேண்டும். பிறகு போட்டுக்கொண்டே மூன்று நிமிடம் ஸ்கிப்பிங். குமட்டல் வந்தால் பின் ஓரத்தைச் சிறிது கத்தரித்து, வெட்டிய இடத்தை வெந்நீரில் காட்டி விரலால் வழவழப்பாக்குங்கள். மறுவார்ப்பு ஓரிரு முறைக்கு மேல் தாங்காது. பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம்: உருகிய பொருள் கம்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர்களுக்கென்று தனி சிலிகான் வகை உண்டு; இல்லையென்றால் பல் மருத்துவரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். பணம் இருந்தால் மற்றவர்களுக்கும் பல் மருத்துவர் செய்வதே சிறந்தது. வெயிலில் நிற்கும் காரில் எதையும் வைக்காதீர்கள். நம் ஊர் மே மாதத்தில் டேஷ்போர்டே இரண்டாவது வார்ப்பைப் போட்டுவிடும்.

கப்

இதில் இரண்டு கட்சி. ஃபேர்டெக்ஸ் போன்ற தாய்லாந்து பிராண்டுகளின் கயிறு கட்டும் ஸ்டீல் கப் முய் தாய்க்காகச் செய்யப்பட்டது. நின்று அடிக்கும்வரை அதற்கு ஈடில்லை. கீழே விழுந்ததும் பிரச்சினை ஆரம்பம்: இடுப்பைத் திருப்பித் தப்பிக்கும் ஒவ்வொரு அசைவிலும் கயிறு தளர்ந்து, கப் ஒரு பக்கமாக ஏறும். அப்படி நகர்ந்த கப் மேல் உதை விழுந்தால், ஓரம் நசுக்குவதால் கப் இல்லாததைவிட மோசம். ஸ்பாரிங்கில் ஆர்ம்பார் (கையை இழுத்து முழங்கையைப் பின்பக்கம் வளைக்கும் பிடி) போட்டால் எதிராளியின் முழங்கை இரும்பில் போய் அழுந்தும். அடுத்த வாரம் உங்களோடு ஸ்பாரிங் செய்ய ஆள் கிடைக்காது. சில போட்டிகளில் உலோகக் கப்புக்கு அனுமதியும் கிடையாது.

முதல் ஃபைட்டுக்கு எங்கள் தேர்வு, இறுக்கமான கம்ப்ரெஷன் ஷார்ட்ஸுக்குள் உட்காரும் பிளாஸ்டிக் கப்தான். டயமண்ட் எம்எம்ஏ இந்த வகையில் பெயர்பெற்றது: பாலிகார்பனேட் கப், அதைப் பிடித்து வைக்கும் நான்கு பட்டை ஜாக்ஸ்ட்ராப், அதன் மேல் கம்ப்ரெஷன் ஷார்ட்ஸ். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதே அமைப்பில் மலிவாகவும் கிடைக்கிறது; பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, ஓரத்தை. கப்பின் விளிம்பு முழுக்க எலும்பில் பதிய வேண்டும். தொடைக்கும் கப்புக்கும் நடுவே விரல் நுழைந்தால் அங்கே தோல் மாட்டிக் கிள்ளும். வீட்டில் போட்டுக்கொண்டு பத்து ஸ்ப்ரால் (காலைப் பின்னால் எறிந்து இடுப்பைத் தரைக்கு இறக்குவது), பத்து இடுப்புத் திருப்பல், ஒரு முக்கோணப் பிடி (கால்களால் கழுத்தை இறுக்குவது) போட்டுப் பாருங்கள். எழுந்ததும் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தால் அது உங்கள் அளவு அல்ல. தாழ்வான அடி விழுந்தால் சுதாரித்துக்கொள்ள அதிகபட்சம் ஐந்து நிமிடம் தருவார்கள். அதை நம்பி மட்டமான கப் போடாதீர்கள்.

கிளவுஸும் கைக்கட்டும்

ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் பாக்ஸிங் கிளவுஸ் ஒன்று, பிடி கலந்த ஸ்பாரிங்குக்கு ஹயபுசா டி3 போன்ற 7 அவுன்ஸ் ஹைப்ரிட் (விரல் திறந்த, பஞ்சு தடித்த கலப்பு வகை) ஒன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் 7 அவுன்ஸ். 4 அவுன்ஸ் என்பது வெறும் 113 கிராம். அது உங்கள் கைமுட்டியைக் காப்பாற்றும், பார்ட்னரின் முகத்தை அல்ல.

ஆனால் 7 அவுன்ஸிலேயே இருந்துவிட்டாலும் ஆபத்து. தடித்த பஞ்சில் குத்துகள் தானாகத் தடுபடும். 4 அவுன்ஸுக்கு மாறியதும் முகத்தை மறைக்கும் அதே கைகளின் இடுக்கில் குத்து நுழையும். பின்புறக் கழுத்துப் பிடியிலும் இதே கதைதான். தடித்த கிளவுஸோடு தாடைக்கு அடியில் போகாத கை, மெல்லிய கிளவுஸில் போய்விடும், எதிராளியின் கையும் அப்படியே. கடைசி மூன்று, நான்கு வாரம் 4 அவுன்ஸ் மாட்டிக்கொண்டு கிராப்ளிங்கும் (பிடிச்சண்டை) லேசான தொடு ஸ்பாரிங்கும் செய்ய வேண்டும். அதற்கு ஜிம்மில் இருக்கும் பழைய ஜோடியே போதும்.

வாங்கும்போது கையைத் தளர்வாக விட்டுப் பாருங்கள். கிளவுஸ் தானாகவே விரல்களை வளைத்து வைக்க வேண்டும். தட்டையாக நீட்டி வைத்தால் கண்ணில் விரல் பாயும் வாய்ப்பு அதிகம். இதற்காகவே பெரிய எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சி 2024 ஜூனில் புது வடிவக் கிளவுஸை இறக்கி, நவம்பரிலேயே பழையதற்குத் திரும்பியது. அங்கேயே தீராத பிரச்சினை, ஆகவே விளம்பர வாசகத்தை நம்பாமல் கையில் போட்டு முடிவு செய்யுங்கள். கைக்கட்டோடு போட்டுப் பார்ப்பது முக்கியம். சாதாரண 4.5 மீட்டர் துணிக் கட்டு எம்எம்ஏ கிளவுஸுக்குள் அடங்காது. பயிற்சிக்கு அதில் பாதி நீளம் போதும். போட்டியன்று காஸும் (மெல்லிய மருத்துவக் கட்டுத் துணி) டேப்பும்தான். அமெரிக்காவின் நியூஜெர்சியில் எம்எம்ஏவுக்காக உருவான ஒருங்கிணைந்த விதி, ஒரு கைக்கு 2 அங்குல அகலத்தில் 13 கஜம் காஸ், 1 அங்குல டேப் 10 அடி என்று வரம்பு கட்டுகிறது. விரல்களை விரித்து வைத்துக் கட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் முட்டி மடக்கிப் பார்க்க வேண்டும். விரலை ஒட்டி வைத்துக் கட்டினால் முதல் ரவுண்டு முடிவதற்குள் கை மரத்துப்போகும்.

ஷின்கார்டு

பின்பக்கம் வெல்க்ரோ பட்டை உள்ள முய் தாய் ரகம் வேண்டாம். கிராப்ளிங்கில் சுழன்று கெண்டைக்காலுக்குப் போய்விடும், வெல்க்ரோ எதிராளியின் தோலைச் சிராய்க்கும். காலுறை போல் இழுத்து மாட்டும் வகைதான் வேண்டும். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடிந்து, பாதத்தின் மேல்பகுதியை மூட வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்து அளவு எடுக்காதீர்கள், கெண்டைக்கால் சுற்றளவையும் பாருங்கள்.

ஷார்ட்ஸில் ஜிப், பாக்கெட், கொக்கி எதுவும் இருக்கக் கூடாது. உயரே உதைத்துப் பார்த்தால் தையல் தெரிந்துவிடும். தலைக்கவசம் போட்டிக்குத் தேவையில்லை. ஜிம்மில் கிழிசலைத் தடுக்கும். மூளை குலுங்குவதைத் தடுக்காது.

வாங்கவே கூடாதது: வியர்வை சூட்

வியர்க்க வைத்து எடை குறைக்கும் பிளாஸ்டிக் சூட்டை யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். 1997-ல் ஆறு வாரத்துக்குள் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போது இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் சூட்டுக்குத் தடை வந்தது. 2015 டிசம்பரில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ என்ற சண்டைப் போட்டி அமைப்பின் வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைப்பின்போது இறந்ததும், அந்த அமைப்பு நீரை வற்ற வைத்து எடை குறைப்பதையே தடை செய்தது. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை ஏற்கெனவே தாராளம்; அதற்கு மேல் பிளாஸ்டிக் போர்த்தினால் உடல் சூடு வெளியேற வழியே இல்லை.

அந்தக் காசுக்கு 100 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் எடைமானி வாங்குங்கள். எடை வகுப்புகளின் உச்ச வரம்பு: ஃப்ளைவெயிட் 56.7 கிலோ, பேன்டம் 61.2, ஃபெதர் 65.8, லைட்வெயிட் 70.3. எட்டு வாரம் முன்பு எந்த வரம்பிலிருந்து இரண்டு கிலோவுக்குள் இருக்கிறீர்களோ, அந்த வகுப்பில் பெயர் கொடுங்கள். எடைமானியைத் தினமும் ஒரே டைல்ஸ் மேல் வையுங்கள். பாயின் மேலோ மெத்தையின் மேலோ வைத்தால் கணக்குத் தப்பும்.

எங்கே வாங்குவது? கிளவுஸும் ஷின்கார்டும் போட்டுப் பார்த்து வாங்க வேண்டியவை. சென்னையில் என்றால் பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்கலாம், கைக்கட்டைப் பையிலேயே எடுத்துப் போங்கள். பாக்ஸிங் கிளவுஸ் அங்கே நிறையக் கிடைக்கும். 7 அவுன்ஸ் ஹைப்ரிட்டுக்குப் பெரும்பாலும் ஆன்லைன்தான். மவுத்கார்டையும் கப்பையும் பிரித்துவிட்டால் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். கப்புக்கு முன்கூட்டியே இடுப்பு அளவு எடுத்து, அந்த பிராண்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மவுத்கார்டை இரண்டாக வாங்கி இரண்டையும் வார்த்து வையுங்கள். ஃபைட்டுக்கு முந்தின ராத்திரி ஒன்று காணாமல் போனால் வெந்நீர் தேடி ஹோட்டல் சமையலறைக்கு ஓட வேண்டியதில்லை.