ஹட்டன் பக்கம் பெற்றோல் ஜீப்புக்கு பம்ப் மாற்ற நம்பிப் போகலாமா? போகலாம், ஆனால் பொறுமை வேண்டும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் ரோட்டில், பிரதான வீதியை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, ஒரு குழி, இரண்டு பையன்கள், பாஸ் என்று நாம் கூப்பிடும் மெக்கானிக் ஒருவர், அவ்வளவுதான். பெரிய பெற்றோல் ஜீப் வைத்திருக்கும் நம்ம ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் பெற்றோல் பம்ப் பழுதை ஊகித்துச் சொல்லாமல் அளந்து பார்த்துச் சொன்ன ஒரே இடம் எனக்கு இதுதான். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கீழே வரும்.

வண்டி ஏழு பேர் உட்காரும் ஜப்பான் ஜீப், 2.7 லீற்றர் பெற்றோல் என்ஜின், ஓட்டோ கியர், மீற்றர் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிவனொளிபாதமலை சீசனில், அதாவது டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதம் வெசாக் வரை, ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும் ஆட்களை நல்லதண்ணிக்கு ஏற்றிக்கொண்டு ஹயர் ஓடும். மற்ற மாதங்களில் கொழும்பு, கண்டி என்று வீட்டுப் பாவனை. முதலில் காலையில் ஸ்டார்ட் எடுக்க வழக்கத்தைவிட நிறைய நேரம் சுற்ற வேண்டியிருந்தது. அப்புறம் கினிகத்தேனை தாண்டி வட்டவளைப் பக்கம் ஆள் நிறைந்து ஏறும்போது அக்சிலேட்டரை மிதித்தால் இழுக்காது, விக்கும், திரும்ப இழுக்கும். சமதரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைசியில் ஏற்றத்தில் ஒரேயடியாக நின்றது, அரை மணி நேரம் ஓரமாகப் போட்டு வைத்தபின் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள், பாஸ் அதைக் கேட்டதும்தான் முகம் மாறினார்.

அதற்கு முன் வேறொரு இடத்தில் காட்டியிருந்தேன், எந்த ஊர், யார் என்பது வேண்டாம். ஸ்கேனரைச் செருகினார்கள், பீ 0171 என்று ஒரு கோட் வந்தது, உடனே ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது என்றார்கள். மாற்றினோம். குறை போகவில்லை. பிளக் மாற்றச் சொன்னார்கள், காற்று உள்ளே போகும் த்ரொட்டில் பொடியைக் கழுவினார்கள், அடுத்தது சைலன்சர் லைனில் புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் அடைத்திருக்கும் என்று வெட்டப் பார்த்தார்கள், அங்கேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோட் சொல்வது என்னவென்றால் என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்பது மட்டும்தான். எங்கேயோ காற்று கசிந்து உள்ளே போனாலும் அது வரும், காற்றை அளக்கும் சென்சர் அழுக்கானாலும் வரும், என்ஜினுக்குள் பெற்றோலைப் பீச்சும் இஞ்செக்டர் அடைத்தாலும் வரும், பம்ப் தளர்ந்தாலும் வரும். ஸ்கேனர் நோயைச் சொல்லாது, காய்ச்சல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதைப் பார்த்துவிட்டு சாமானை ஓர்டர் பண்ணுகிற ஆளிடம் வண்டியை விட்டால் காசு போய்க்கொண்டே இருக்கும்.

டிக்கோயா ரோட்டுப் பாஸ் முதலில் பொனட்டையே திறக்கவில்லை. எப்ப நிக்குது, டேங்கில எவ்வளவு இருக்கும்போது நிக்குது, ஆறினபிறகு எடுக்குதா, ஏறும்போதா இறங்கும்போதா என்று கேள்விதான். பிறகு பெற்றோல் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்துக்கொண்டு பையனைச் சாவி திருப்பச் சொன்னார். சில வண்டிகளில் சாவியை ஓன் நிலைக்குத் திருப்பினாலே பம்ப் இரண்டு விநாடி முனகும், சிலவற்றில் செல்ஃப் அடித்தால்தான் ஓடும், அதனால் சத்தம் வரவில்லை என்று உடனே முடிவெடுக்கக் கூடாது என்றார். என் வண்டியில் சத்தம் வந்தது, ஆனால் அரைத்த மாதிரி ஒரு சத்தம்.

அடுத்தது ரிலே, அதாவது பம்ப்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். பியூஸ் பெட்டியில் ஹோர்னுக்கும் பம்ப்புக்கும் ஒரே மாதிரி ரிலே என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார், காசில்லாத சோதனை. வித்தியாசம் இல்லை. பிறகு பின் சீட்டை மடித்து, பம்ப்புக்குப் போகும் வயரில் வோல்ட் அளந்தார், என்ஜின் ஓடும்போது. பட்டரியில் 13.9, பம்ப் கனெக்டரில் 13.5. இங்கே வோல்ட் நிறையக் குறைந்திருந்தால் குற்றம் வயரிலோ ஏர்த்திலோ இருக்கும், புது பம்ப் போட்டாலும் பழைய கதைதான் என்று விளக்கினார். நிறையப் பேர் தாண்டிப் போகிற இடம் இது. புது பம்ப் போட்டு மூன்று மாதத்தில் திரும்பப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இதை அளந்தார்களா என்று கேளுங்கள்.

அதுக்கப்புறம்தான் பெற்றோல் லைனில் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ். இந்த மாதிரி என்ஜினுக்கு 44 முதல் 50 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும் என்றார். நிறுத்தி வைத்து ஓடவிட்டால் 45 காட்டியது, அதாவது நல்ல பம்ப்! மற்ற இடமாக இருந்தால் இங்கேயே பம்ப் சரி என்று சொல்லியிருப்பார்கள். இவர் கேஜின் நீள ஹோஸை பொனட்டுக்கு வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் மாட்டி, தீயணைப்பு சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து நோர்வூட் பக்கம் ஏற்றத்துக்கு ஓட்டினார். கொஞ்ச நேரம் 44. என்ஜின் நன்றாகச் சூடானபின் முழு மிதி மிதித்தார். முள் இறங்குகிறது, 38, 33, 30க்கும் கீழே, அதே நேரம் வண்டி விக்குகிறது. கண்ணால் பார்த்த பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. திரும்பி வந்து என்ஜினை நிறுத்தினால் முள் நிற்காமல் சரசரவென்று பூச்சியத்துக்கு இறங்கியது, பம்ப்புக்குள் இருக்கும் வால்வு பிடிக்கவில்லை, காலையில் நிறைய சுற்ற வேண்டியிருந்ததும் அதனால்தான். இஞ்செக்டர் ஒழுகினாலும் இப்படி இறங்கும் என்பதால் பிளக்குகளையும் கழற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவைச் சொன்னார்.

"அளக்காம சாமான் மாத்துறது இல்ல தம்பி, காசு உங்கட, பேர் எங்கட" என்றார். கொஞ்சம் பெருமையான ஆள்தான், பரவாயில்லை, பெருமைப்பட விஷயம் இருக்கிறது.

ஆறினபின் ஏன் எடுக்கிறது என்றால், பம்ப் மோட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோனால் சூட்டில் மின்சாரம் ஒழுங்காகப் போகாது, ஆறினால் திரும்ப ஓடும். அந்த மோட்டரைக் குளிர வைப்பது டேங்கில் இருக்கும் பெற்றோலேதான். எப்போதும் முள் சிவப்புக் கோட்டில் வைத்து ஓட்டினால் பம்ப் சூட்டில் கிடக்கும், நம் ஊர் ஏற்றத்தில் இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கம் ஓடிவிடும். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில், கியூஆர் கோட் காட்டி அளவாக வாங்கும் கோட்டா வந்த பிறகும், யார்தான் டேங்க் நிறைய ஓட்டினார்கள்? கலனில் பிடித்து வைத்ததை ஊற்றி ஓட்டிய காலம் அது. அந்த அழுக்கெல்லாம் பம்ப்பின் அடியில் இருக்கும் வலையில்தான் போய் நிற்கும். அந்த வருஷத்துக்குப் பிறகு பெற்றோல் பம்ப் வேலை கூடிவிட்டது என்பது பாஸின் கணக்கு. இது போக, பம்ப்புக்குள் சுற்றிப் பெற்றோலைத் தள்ளும் சின்னச் சக்கரமான இம்பெல்லரே வீங்கி மாட்டிக்கொள்வதும் உண்டு, டொயோட்டா 2020இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது அந்தக் காரணத்துக்குத்தான்.

சாமான் விஷயத்தில் அவர் நேராகப் பேசினார். முழு செட்டும் மாற்றத் தேவையில்லை, மோட்டரும் வலையும் மேல் ரப்பர் வளையமும் போதும் என்றார். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரே பெயர் அச்சடித்த பெட்டியில் மூன்று விலையில் கிடைக்கும், மலிவானதை வாங்கி வந்தால் போட்டுத் தருவேன், உத்தரவாதம் தரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கழற்றிய வண்டியின் பழைய பம்ப் வாங்குவது அவருக்குப் பிடிக்காது, எனக்கும்தான், தேய்ந்ததைக் கொடுத்துத் தேய்ந்ததை வாங்குவது என்ன கணக்கு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், இடையில் எல்லோரும் இருக்கிற வண்டியையே இழுத்து ஓட்டியதில் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது. ஒரிஜினல் மோட்டர் எனக்கு 38,000 ரூபாய், கொழும்பிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் பார்சல் போட்டு வந்தது. வலையும் ரப்பரும் தனி. கூலி, சோதனை எல்லாம் சேர்த்து 8,500. முந்தின இடத்தில் வீணாய்ப் போனதைவிடக் குறைவு.

மாற்றிய விதமும் சொல்ல வேண்டும். முந்தின இடத்தில் டேங்கை இறக்க வேண்டும் என்று பயம் காட்டியிருந்தார்கள். இந்த வண்டிக்குத் தேவையே இல்லை, இரண்டாவது வரிசை சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஸ்க்ரூ போட்ட தகட்டு மூடி இருக்கிறது. எல்லா ஜீப்பிலும் அது இருக்காது, சிலதில் இறக்கித்தான் ஆக வேண்டும். பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு லைனில் இருந்த பிரஷரைத் தீர்த்தார், பிறகு பட்டரி நெகட்டிவைக் கழற்றினார். மூடியைச் சுற்றி இருந்த செம்மண் தூசியை முழுக்கத் துடைக்கும்வரை திறக்கவில்லை. பெரிய வளையத்தை இரும்பு உளியால் தட்டாமல் மரக்கட்டை வைத்துத் தட்டினார், பொறி வரக்கூடாது என்பதற்காக. பையன்களின் போன் மேசைக்குப் போனது, பின்னால் தேநீர் அடுப்பு அணைந்தது. உள்ளே இருந்து வந்த வலை கறுப்புக் களிம்பாக இருந்தது. பழைய மோட்டரையும் வலையையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார், கேட்காமலே. பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடும் இடங்கள் நிறைய, ஒரு மாதத்தில் வண்டிக்குள் பெற்றோல் வாசம் வரும்.

முடிந்ததும் கேஜை மாட்டி அதே ஏற்றத்தில் அதே ஓட்டம், 47க்குக் கீழே முள் இறங்கவில்லை. பெற்றோல் பற்றாமல் என்ஜின் கம்ப்யூட்டர் 22 சதவீதம் கூட்டிக்கொண்டிருந்த பெற்றோல் கணக்கு ஸ்கேனரில் 4க்கு வந்தது. சீசன் முழுக்க ஓடியாகிவிட்டது, வட்டவளை ஏற்றத்தில் இப்போது வண்டி இழுக்கிறது.

இனி குறைகள். போன் எடுக்கமாட்டார். நாளைக்கு என்றால் நாளை மறுநாள், அதுவும் மழை பெய்யாவிட்டால். உட்கார ஒரு பலகை மட்டும், கழிப்பறை கேட்காதீர்கள், குடும்பத்தோடு போகிற இடம் இல்லை. பில் கேட்டபோது கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார், ஆறு மாத உத்தரவாதம் வாய்ச்சொல் மட்டும். கார்ட் கிடையாது, காசுதான். கம்பெனி வண்டிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இது சரிவராது. டீசல்காரர்களும் யோசித்துப் போங்கள், நம் பக்கம் பெரிய ஜீப்புகளில் டீசலும் நிறைய, ஆனால் ஹைபிரஷர் பம்ப்பையும் இஞ்செக்டரையும் அவர் தொடமாட்டார், கண்டிக்கு அனுப்பிவிடுவார்.

போயா (பௌர்ணமி) நாளும் ஞாயிறும் பூட்டு. பம்ப் வேலை என்றால் டேங்கில் கால்வாசிக்குக் கீழே வைத்துக்கொண்டு போங்கள், நிரப்பிக்கொண்டு போனால் அதை இறைப்பதற்கே தனிக் கூலி. காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது விட்டால்தான் அவர் குளிரிலும் சூட்டிலும் அளந்து பார்ப்பார். நடுரோட்டில் நின்றுவிட்டால் இழுத்துவர அவரிடம் வண்டி இல்லை, அதற்கு நீங்களே ஆள் பிடிக்க வேண்டும்.