பிரிக்பீல்ட்ஸில் தொழில் வழிகாட்டிகளுக்கான பயிற்சி: இரண்டாம் நாளுக்காகப் போகலாம்

நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால் யோசிக்காமல் போங்கள். சொந்தக் காசு என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கட்டணம் 1,200 ரிங்கிட், வகுப்பு இரண்டு நாள், இடம் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடி. காரில் போகாதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை காலையில் கார் நிறுத்த இடம் தேடுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் இருக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வரும் சமயத்தில் செந்தூல் பக்கம் கோயில் மண்டபத்தில் நடக்கும் வழிகாட்டி நிகழ்ச்சியிலும் ஒரு மேசை போட்டு உட்காருவேன். பதினேழு வயதுப் பிள்ளையும் வரும், பின்னாலேயே வேலை போன அதன் அப்பாவும் வருவார். ‘மாறிவரும் வேலைச் சந்தைக்கான தொழில் வழிகாட்டல்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இந்த இரண்டு பேருக்கும் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான் போனேன்.

முதல் நாள் பெரும்பாலும் கோட்பாடு. தொழில் வழிகாட்டலின் முன்னோடியான பார்சன்ஸ் எழுதி 1909-இல் வந்த புத்தகத்தில் தொடங்கி, ஆளுக்கேற்ற வேலையைக் காட்ட உளவியலாளர் ஹாலண்ட் பிரித்த ஆறு வகை ஆளுமைகள் வரை வந்து, மதியம் வரை அங்கேயே நின்றது. ஹாலண்ட் சோதனையை நான் குறை சொல்லமாட்டேன். தனக்கு என்ன பிடிக்கும் என்றே சொல்லத் தெரியாத பிள்ளையிடம் பேச்சைத் தொடங்க நல்ல வழி அது. ஆனால் கல்லூரியில் ஆலோசனைத் துறை படித்தவர்கள் அனைவரும் இதைப் பார்த்தவர்கள்தான். மறுபடியும் வட்ட வடிவில் உட்கார்ந்து நாமே சோதனை எழுதி, ‘நீங்கள் சமூக வகை, நான் கலை வகை’ என்று கைதட்டிக்கொள்ள அரை நாள் தேவையா?

மதியத்துக்கு மேல் புள்ளிவிவரம். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையிலிருந்து, 2030-க்குள் 17 கோடி புதிய வேலைகள் வரும், 9 கோடியே 20 லட்சம் வேலைகள் போகும் என்று பெரிய எழுத்தில் திரையில் ஓடியது. அப்புறம் 2024-இல் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 பொறியாளர்கள் என்ற இலக்கு. எல்லாம் சரியான தகவல்தான். என் பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் கையைத் தூக்கி, கூடுதல் கணிதத்தில் தேறாத பையன் செமிகண்டக்டர் தொழிற்சாலைகள் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கோ கூலிமுக்கோ போக எந்தப் படியில் ஏற வேண்டும் என்று கேட்டார். ‘நல்ல கேள்வி’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார் பயிற்றுநர். திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வழியாகப் போகலாம், முதல் மூன்று நிலை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் போதும். அதைத் தேநீர் இடைவேளையில் நாங்களே அந்த இளைஞருக்குச் சொன்னோம்.

இரண்டாம் நாள் வேறு பயிற்றுநர். தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் பல வருடம் இருந்தவர், ஆள்குறைப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்த அனுபவமும் உள்ளவர். முதல் நாள் ஆங்கிலமும் மலாயுமாகப் போனது. இந்த அம்மா, வந்தவர்களில் பாதிக்கு மேல் நம்மவர்கள் என்று பார்த்ததும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று நடித்துப் பார்க்கும் பயிற்சியைத் தமிழிலேயே நடத்தினார். ஷா ஆலாம் மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்து வேலை இழந்தவராக அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களில் ஒருவர் ஆலோசகர்.

“உங்களுக்கு எதுல ஆர்வம் அண்ணே?”

“வீட்டுக் கடன் கட்டுறதுலதாம்மா.”

வகுப்பே சிரித்தது. கேட்டவர் அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் திணறினார். அப்புறம் பயிற்றுநரே ஆலோசகர் நாற்காலிக்கு மாறி, எங்களில் ஒருவரை அண்ணனாக உட்காரவைத்துக் கேட்டுக் காட்டினார். ஆர்வம், கனவு எதையும் தொடவில்லை. “காலையில ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறுது. உள்ள போனதும் மொதல்ல என்ன செய்வீங்க?” என்று தொடங்கினார். ஆள் வரவில்லை என்றால் யாரை எங்கே மாற்றுவது, இயந்திரம் நின்றால் யாரைக் கூப்பிடுவது, பழுதான பொருளை எப்படிப் பதிவது, மொழி தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒவ்வொன்றாக வெள்ளைப் பலகையில் ஏறியது. இருபது நிமிடத்தில் பலகை நிறைந்துவிட்டது. ‘எனக்கு ஒன்னும் தெரியாதும்மா, பேக்டரி வேலைதான்’ என்று சொல்லும் அண்ணன்மாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் இப்படித்தான் பேச வேண்டும்.

கையோடு பணக் கணக்கும் வந்தது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ, வேலை இழந்தவருக்கு மாதா மாதம் உதவித்தொகை தரும் வேலை காப்புறுதித் திட்டம் 2018-இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனாலும் வகுப்பில் பலருக்கு விவரம் தெரியவில்லை. 3,500 ரிங்கிட் சம்பளம் வாங்கியவருக்கு முதல் மாதம் அதில் 80 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 2,800. இரண்டாவது மாதம் பாதி. மூன்றும் நான்கும் 40 விழுக்காடு, கடைசி இரண்டு மாதம் 30 விழுக்காடு, அதாவது 1,050 ரிங்கிட் பக்கம். ஆறு மாதமும் கிடைக்குமா என்பது சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தால் கிடையாது, நிறுவனமே ஆள்குறைக்க அறிவிக்கும் விருப்பப் பணிவிலகல் திட்டமான வி.எஸ்.எஸ். எடுத்தவருக்கு உண்டு. தொகை மாதா மாதம் இறங்குவதால் முதல் மாதத்திலேயே பேசத் தொடங்கிவிடுங்கள், மூன்றாவது மாதம் வந்தால் மனிதர் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வார் என்றார் பயிற்றுநர். எந்தக் கோட்பாட்டுப் பாடத்திலும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

மதியம் வேலை விளம்பரம் படிக்கும் பயிற்சி. கணக்கு கிளார்க் வேலைக்கான விளம்பரங்களை ஒரு கட்டாக அச்சடித்துக் கொடுத்து, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போடச் சொன்னார்கள். எங்கள் மேசையில் மின்னணு விலைப்பட்டியலான இ-இன்வாய்ஸுக்குத்தான் அதிகக் கோடு. வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிடம் தொடங்கி, அடுத்த வருடம் நடுத்தர நிறுவனங்கள் வரை கொண்டுவந்த முறை அது. வேலையின் பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கும் வேலை மாறிவிட்டது. இதை வைத்து நான் எங்கள் கல்லூரியில் இப்போது டிப்ளோமா பிள்ளைகளையே விளம்பரத்தில் கோடு போட வைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவுக்கும் ஒரு மணி நேரம். சாட்ஜிபிடியில் ஆளுக்கொரு சுயவிவரம் எழுத வைத்து, முதல் வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். எல்லோரும் ‘இலக்கை நோக்கி உழைப்பவர்’, எல்லோரும் ‘குழுவோடு இணைந்து செயல்படுபவர்’. அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் அதில் ஒட்டவேண்டாம் என்று எச்சரித்தது நல்லது. நேர்முகத் தேர்வுக்குக் கேள்விகள் தயாரிக்க மட்டும் நான் இதைப் பயன்படுத்துகிறேன்.

பெரிய குறை ஒன்று உண்டு. இரண்டு நாளிலும் குடும்பம் என்ற பேச்சே இல்லை. கிள்ளானிலிருந்து வந்திருந்த மூத்த ஆசிரியை ஒருவர், அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பிள்ளையிடம் மட்டும் பேசினால் அன்றைக்கு ராத்திரியே முடிவு மாறிவிடும் என்றார். உண்மை. என் மேசைக்கு அம்மாவோடு சித்தப்பாவும் வருவார், அவர் மகன் எங்கே படிக்கிறான் என்பதும் கூடவே வரும். ‘வாடிக்கையாளரின் சொந்த முடிவை மதியுங்கள்’ என்ற ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்கள். தொழிற்கல்வியை அம்மா தாழ்வாக நினைக்கும்போது என்ன பேசுவது என்று பாதி நாள் ஒதுக்கியிருக்கலாம். முதல் நாள் காலைதான் வீணாகப் போனதே.

விளம்பரத்தில் ‘சான்றிதழ் பெற்ற தொழில் ஆலோசகர் ஆகலாம்’ என்று போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். இவர்கள் தரும் தாள் கலந்துகொண்டதற்கான சான்று, அவ்வளவுதான். ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள், தொழில்முறை மேம்பாட்டுப் புள்ளிக்கு இது செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் வகுப்பில் கேட்டவருக்குக் கடைசி வரை தெளிவான பதில் வரவில்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது, சைவமும் தனியாக வைத்திருந்தார்கள். குளிர்சாதனம் அதிகம், மேல்சட்டை எடுத்துப் போங்கள். இரண்டாம் நாளை மட்டும் பாதிக் கட்டணத்துக்கு விற்றால் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், இப்போதைக்கு மூன்று.

பணியாளர் பயிற்சிக்காக எச்.ஆர்.டி. கோர்ப் அமைப்பிடம் கட்டிவரும் லெவியிலிருந்து முதலாளி கட்டணத்தைக் கேட்கப்போகிறார் என்றால், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். முடிந்த பிறகு ரசீதைக் கொண்டுபோய் நீட்டினால் எடுபடாது.