வெட்டல் ஓவர் பில்டப்பா? அலோன்சோ பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டலுக்கு நான்கு உலகப் பட்டங்கள், 2010 முதல் 2013 வரை வரிசையாக. பெர்னாண்டோ அலோன்சோவுக்கு இரண்டே இரண்டு, 2005லும் 2006லும். ஆனாலும் மலேசியாவில் எங்கள் ஊரான பந்திங்கில் எந்த ஒட்டுக்கடையில் ஃபார்முலா 1 பேச்சு வந்தாலும், இரண்டு வாங்கியவரைத் தலையில் தூக்கி வைப்பார்கள். நான்கு வாங்கியவரை "ஓவர் பில்டப், காருதான் ஓட்டுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கும் அலோன்சோதான் ஒரு படி மேல். ஆனால் வெட்டலை இறக்க இங்கே சொல்லப்படும் காரணங்களில் பாதிக்கு மேல் நிற்காது. அவரைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த செப்பாங் ஓடுபாதை எங்களுக்கு மோட்டாரில் போய் வரும் தூரம்தான். 1999 முதல் 2017 வரை அங்கே பந்தயம் நடந்தது. புல்மேட்டு டிக்கெட் வாங்கி, குடையும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமுமாகப் போய் உட்கார்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். இருவருக்குமே செப்பாங் ராசியான இடம். வெட்டல் 2010, 2011, 2013, 2015 என அங்கே நான்கு முறை ஜெயித்தார். ஃபார்முலா 1இல் வேறு யாரும் அங்கே அத்தனை முறை ஜெயித்ததில்லை. அலோன்சோவுக்கு மூன்று வெற்றிகள், ஆனால் மூன்றும் வெவ்வேறு அணியில்: 2005இல் ரெனோ, 2007இல் மெக்லாரன், 2012இல் ஃபெராரி. எதைக் கொடுத்தாலும் ஓட்டுவார் என்ற பேச்சு அலோன்சோவுக்கு ஏன் வந்தது என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு சாட்சி.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், தீவிர அலோன்சோ கட்சி. அவர் வாதம் இது: "புது லோரியக் குடுத்தா யாரு வேணும்னாலும் ஓட்டலாம் தம்பி. பிரேக் தேஞ்ச பழைய லோரில, மழை பேஞ்ச தோட்டத்து ரோட்டுல, குலை கொட்டாம மில்லுக்கு வந்து சேரணும். அவன்தான் டிரைவர்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அட்ரியன் நியூவி வடிவமைத்து, வெட்டல் ஓட்டிய ரெட் புல் அந்தக் காலத்தின் சிறந்த கார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அண்ணே, அதே புது லோரி அவருடைய அணித்தோழர் மார்க் வெப்பரிடமும் இருந்ததே! 2011இல் வெட்டல் 392 புள்ளி, 11 வெற்றி. வெப்பர் 258 புள்ளி, ஒரே ஒரு வெற்றி. 2013இல் வெட்டல் 13 பந்தயங்களில் ஜெயித்தார், அதில் கடைசி ஒன்பதும் தொடர்ச்சியாக. வெப்பருக்கு அந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. வெப்பர் சாதாரண ஆளும் இல்லை. 2010இல் கடைசிப் பந்தயம் வரை பட்டத்துக்கு மோதியவர்.

அந்தக் காரை ஓட்டுவதே தனி வித்தை. எக்ஸாஸ்ட் புகையைக் காரின் பின்னடியில் காற்று வெளியேறும் பகுதியான டிஃப்யூசர் பக்கம் பாய்ச்சி, அதில் கிடைக்கும் அழுத்தத்தால் பின்சக்கரங்களைத் தரையோடு பிடித்து வைக்கும் ஏற்பாடு அது. வளைவுக்குள் நுழையும்போது ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழும், புகை குறையும், பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். காலை எடுத்த பிறகும் புகை வருகிற மாதிரி இன்ஜினை அமைத்துப் பார்த்தார்கள், பிறகு அதற்குக் கட்டுப்பாடு வந்தது. எப்படியானாலும் மிச்ச வேலை ஓட்டுநருடையது. பின்பக்கம் ஆடினாலும் பதறாமல் காரைச் சட்டென்று திருப்பி, மற்றவர்களுக்கு முன்னதாகவே காலை மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பிடிப்பே வரும். வழுக்கும்போது காலை எடுக்கத்தான் உடம்பு சொல்லும். வெட்டல் அதற்கு நேர்மாறாகப் பழகிக்கொண்டார். வெப்பருக்கு அது அந்த அளவுக்குக் கைவரவில்லை.

சரி, இங்கே வெட்டல் மேல் இருக்கும் கோபத்தின் வேருக்கு வருவோம். அது 2012 மார்ச் 25, செப்பாங்.

வழக்கமான சாயங்கால மழை. பந்தயத்தையே ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஃபெராரி படு மோசமான கார். அலோன்சோ எட்டாவது இடத்திலிருந்துதான் கிளம்பினார். மழை குறைந்தபோது முன்னால் இருந்தவர் அவர். சௌபர் காரில் செர்ஜியோ பெரெஸ் விடாமல் நெருங்கினார். ஓடுபாதை காயக் காய அந்தக் காருக்கு வேகம் கூடியது, ஃபெராரிக்குக் கூடவில்லை. சில சுற்றுகளே மிச்சமிருக்கும்போது பதினான்காவது வளைவில் பெரெஸ் அகலமாகப் போய்க் கோட்டைவிட்டார். இரண்டு விநாடிச் சொச்சத்தில் அலோன்சோ ஜெயித்தார். முதல் மூன்று பேர் ஏறும் மேடைப் பக்கமே வந்திருக்கக் கூடாத கார் அது.

நான்காவதாக ஓடிக்கொண்டிருந்த வெட்டல், பின்தங்கியிருந்த நரேன் கார்த்திகேயனைத் தாண்டும்போது இரண்டு காரும் உரசின. வெட்டலின் பின்டயர் கிழிந்தது. பதினொன்றாவதாக வந்தார், புள்ளி கிடையாது. போகிற போக்கில் கார்த்திகேயனுக்கு விரலைக் காட்டினார், பிறகு பேட்டியிலும் மட்டமாகப் பேசினார். நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 விநாடி தண்டனை கொடுத்தார்கள். கடைசி வரிசைக் காரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய ஒரு தமிழரை உலக சாம்பியன் அப்படிப் பேசியது எனக்கும் சுருக்கென்று தைத்தது. அது தப்பு, இன்றும் தப்புத்தான். ஆனால் நடத்தை வேறு, ஓட்டம் வேறு. ஓட்டத்தை மட்டும் கணக்கெடுத்தால் அந்த உரசலால் வெட்டலுக்குப் போனது 12 புள்ளி. வலென்சியாவில் முன்னணியில் போனபோது ஆல்டர்னேட்டர் போய்க் கார் நின்றதில் 25 புள்ளி. அலோன்சோவுக்கும் ஸ்பாவிலும் சுஸுகாவிலும் முதல் சுற்றிலேயே பந்தயம் முடிந்தது. இரண்டு பக்கமும் இழப்பு உண்டு. ஆண்டு முடிவில் வெட்டல் 281, அலோன்சோ 278.

மறு ஆண்டு செப்பாங்கில், வெப்பரை முந்தக் கூடாது என்ற அணியின் உத்தரவை மீறி வெட்டல் முந்திப் போய் ஜெயித்தார். அதை ஊரே இன்னும் பேசுகிறது. அன்றைக்கு அலோன்சோ என்ன செய்தார் என்பதை யாரும் பேசுவதில்லை. முதல் சுற்றில் வெட்டலின் காரை இடித்து, ஃபெராரியின் முன் விங் உடைந்து தொங்கியது. டயரும் பாகமும் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய் மாற்றாமல் அப்படியே ஓட்டினார். அடுத்த சுற்று தொடங்கியதுமே விங் கழன்று சக்கரத்தடியில் மாட்டிக்கொள்ள, நேராகப் போய் ஜல்லியில் நின்றார். ஓட்டுபவர், அணி இருவரும் சேர்ந்து எடுத்த மோசமான முடிவு. பந்தய அறிவில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்தப் பந்தயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டலை உண்மையில் இறக்குவது இரண்டு ஆண்டுகள்: 2014, 2018. முதலாவதில் விதி மாறியது, எக்ஸாஸ்ட் வித்தை போனது, புதிதாக அணிக்கு வந்த டேனியல் ரிக்கியார்டோ அதே காரில் மூன்று பந்தயங்கள் ஜெயித்தார். வெட்டலுக்கு ஒன்றும் இல்லை. புள்ளி 238க்கு 167. வித்தை பறிபோனதும் இன்னொரு வித்தையை அவர் அந்த ஆண்டு கண்டுபிடிக்கவில்லை. 2018 அதைவிட வலிக்கும். பட்டம் வாங்கக்கூடிய ஃபெராரி, புள்ளியிலும் முன்னிலை, சொந்த நாட்டு ஹாக்கன்ஹைமில் முதலிடத்தில் ஓடுகிறார். லேசான தூறல். 52ஆவது சுற்றில் ஒரு மெதுவான வளைவில் பிரேக் கொஞ்சம் பிந்தியது, கார் ஜல்லியைத் தாண்டித் தடுப்பில் முட்டியது. பட்டத்துக்கு அவரோடு மோதிய மெர்சிடிஸ் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன், பதினான்காவதாகக் கிளம்பி அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். அப்புறம் மோன்ஸாவில் ஹாமில்டனோடு, சுஸுகாவில் வெர்ஸ்டாப்பனோடு, ஆஸ்டினில் ரிக்கியார்டோவோடு மோதிச் சுழன்றார். பக்கத்தில் பக்கத்தில் மோதும் நேரத்தில் அவசரப்படுவது வெட்டலின் பலவீனம், அதை மறைக்க முடியாது. அலோன்சோவிடம் இப்படி ஒரு பருவமே சரிந்ததை நான் பார்த்ததில்லை.

இருவரையும் அளக்க ஒரே அளவுகோல் வேண்டுமென்றால் கிமி ரைக்கோனன் இருக்கிறார். ஃபெராரியில் இருவருக்கும் அணித்தோழராக இருந்தவர். 2014இல் அலோன்சோ 161, ரைக்கோனன் 55. அந்தக் காரின் முன்பக்கம் ரைக்கோனனுக்கு ஒத்துவரவில்லை என்பது உண்மை, அலோன்சோவுக்கும் அது பிடித்த கார் இல்லை என்பதும் உண்மை. 2015இல் வெட்டல் 278, ரைக்கோனன் 150. அடுத்த ஆண்டு 212க்கு 186. சேர்ந்திருந்த நான்கு ஆண்டும் வெட்டல் ரைக்கோனனுக்கு மேலேதான் முடித்தார், ஆனால் அலோன்சோ போல நசுக்கவில்லை. நான் அலோன்சோவை மேலே வைப்பது இதனால்தான், லோரிக் கதையால் இல்லை.

அலோன்சோ பக்கமும் ஒரு பில்டப் உண்டு. "அந்த ரெட் புல் கிடைச்சிருந்தா ஏழு பட்டம்" என்பார்கள். கிடைக்காமல் போனதில் அவருடைய பங்கே பெரிது. 2007இல் மெக்லாரனில் நல்ல கார் இருந்தது. அறிமுக ஆண்டிலேயே அணித்தோழர் ஹாமில்டன் அவருக்குச் சமமாக 109 புள்ளி எடுத்தார், சண்டை முற்றியது, 110 எடுத்த ரைக்கோனனுக்குப் பட்டம் போனது. அலோன்சோ ஒரே ஆண்டில் வெளியேறினார். 2015இல் மறுபடி மெக்லாரன் போய், நான்கு ஆண்டுகள் ஒரு மேடைகூட ஏறவில்லை. அவர் விட்டுவந்த ஃபெராரியில் வெட்டல் ஏறி, இரண்டாவது பந்தயத்திலேயே செப்பாங் வெயிலில் மெர்சிடிஸ் இரண்டையும் தோற்கடித்தார். டயரைக் காப்பாற்றி, மெர்சிடிஸை விட ஒரு பிட் குறைவாக நின்று ஜெயித்த அந்த ஓட்டத்தைக் காரின் தலையில் கட்ட முடியாது. அன்று வேகமான கார் மெர்சிடிஸ்தான்.

வேறுபாடு இருக்கிறது, ஆனால் சிறியது. 2012இன் கடைசிப் பந்தயம் பிரேசிலில், நமக்கு நள்ளிரவு. நான்காவது வளைவில் புரூனோ சென்னா இடித்ததில் வெட்டலின் கார் சுழன்று, வருகிற கார்களைப் பார்த்தபடி எதிர்த் திசையில் நின்றது. இடது பக்கம் நசுங்கியிருந்தது, வரிசையில் கடைசி. அலோன்சோ முன்னால். மழை விட்டு விட்டுப் பெய்தது. அந்த நசுங்கிய காரில், யாரோடும் மறுபடி மோதாமல், ஒவ்வொருவராகத் தாண்டி ஆறாவதாக வந்து சேர்ந்தார். அலோன்சோ இரண்டாவது. பட்டம் மூன்று புள்ளியில் வெட்டலுக்கு. பழைய லோரியில் சகதியைக் கடந்து வருகிறவன்தான் டிரைவர் என்றால், அண்ணே, அன்றைய ராத்திரி அதை ஓட்டியது வெட்டல்தான்.