கேஸா, இண்டக்ஷனா? சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும் முன்

குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960-களில் தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகராட்சி கட்டிக்கொடுத்த சாட்ஸ்வொர்த் வீடுகளில், சமையலறை என்பது இருவர் சேர்ந்து நின்றால் நெருக்கடியாகும் ஓர் அறைதான். அதைப் புதுப்பிக்க முற்படும் குடும்பங்கள் பெரும்பாலும் அலமாரிக் கதவின் நிறத்தில்தான் பேச்சைத் தொடங்குகின்றன. நான் முதலில் முடிவு செய்யச் சொல்வது அடுப்பை. மின்கம்பி எந்தச் சுவரில் ஓடவேண்டும், குழாய் எங்கே துளைக்கப்படவேண்டும், புகை எவ்வழியே வெளியேறவேண்டும் என்பவை அனைத்தும் அடுப்பைப் பொறுத்தே அமைகின்றன. டைல்ஸ் ஒட்டியபின் மனம் மாறினால் ஒட்டியதை உடைக்க நேரும்.

கேஸ் அடுப்பின் பெரும்பலம், அது பாத்திரம் பார்ப்பதில்லை என்பது. பாட்டி காலத்து அலுமினியக் குண்டான், மண்சட்டி, பித்தளைப் பானை எதையும் ஏற்றலாம். ரொட்டியை நேரே தீயில் காட்டி உப்பவைக்கலாம். 2007 இறுதியில் தொடங்கி 2022, 2023 ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்ட லோட் ஷெடிங் என்னும் சுழற்சிமுறை மின்வெட்டின்போது, கேஸ் இருந்த வீட்டில் இரவுச் சாப்பாடு நேரத்துக்கு நடந்தது. 2024 மார்ச் இறுதிக்குப் பின் அந்தத் தொல்லை பெருமளவு ஓய்ந்துவிட்டதால், அந்தக் காரணம் ஒன்றை மட்டும் வைத்து இன்று கேஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கேஸுக்கு உண்மையான தடை இடம்தான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து சாக்கடைத் துளைக்குள் இறங்கித் தேங்கும். ஆகவே வெளியே வைக்கும் சிலிண்டருக்கும் கதவு, சன்னல், வடிகால், மின் இணைப்பு ஆகியவற்றுக்கும் இடையே விதிப்படி இடைவெளி வேண்டும். ஒரு சுவரைப் பகிர்ந்து நிற்கும் ஒட்டுவீடுகளின் குறுகிய பக்கவாட்டு முற்றத்தில் 48 கிலோ சிலிண்டர் இரண்டை வைக்க இடம் தேடும்போதுதான் பல திட்டங்கள் நின்றுபோகின்றன. பதிவுபெற்ற நிறுவுநரைக் கொண்டே வேலையைச் செய்து, இணக்கச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வீட்டை விற்கும் நாளில் அது கேட்கப்படும்.

இண்டக்ஷன் அடுப்போ பாத்திரத்தின் அடிப்பகுதியையே காந்தப்புலத்தால் சூடாக்குகிறது. கேஸ் தீயின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவே பாத்திரத்தைச் சேர, இதில் ஏறக்குறைய 85 விழுக்காடு சேர்கிறது. தர்பனின் சனவரி, பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் சிறிய அறையில் நின்று சமைப்பவருக்கு இது பெரிய ஆறுதல். மறதி மிகுந்த முதியவர்கள் உள்ள வீட்டில் திறந்த தீ இல்லாமையும் ஒரு நிம்மதியே. ஆனால் ஒரு காந்தத்தை எடுத்து வீட்டிலுள்ள பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள்; ஒட்டாதவை இந்த அடுப்புக்கு ஆகா. இரும்புத் தோசைக்கல் தப்பும், அலுமினியமும் மண்சட்டியும் தப்பா. நான்கு தட்டுள்ள அடுப்பு முழுவீச்சில் 7 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், டிபி போர்டு எனும் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, மின் இணக்கச் சான்றிதழும் பெறவேண்டும். பழைய வீட்டின் கம்பிகளைச் சோதிக்காமல் இதை வாங்குவது ஆபத்து.

என் முடிவு கலப்பு: உள்ளே இரண்டு இண்டக்ஷன் தட்டுகளும் இரண்டு கேஸ் பர்னர்களும், பிரியாணிக்கும் ஆடிக் கூழுக்கும் வெளியே ஒரு கேஸ் வளையம். இருபது பேருக்கான அண்டாவை எந்த உள்அடுப்பும் தாங்காது. அதற்காக உள்ளறையை விரிவாக்குவதில் பொருளில்லை. சிலிண்டருக்கு இடமே இல்லாத வீட்டில் தயங்காமல் முழு இண்டக்ஷனுக்குச் செல்லலாம்.

சமையல் மேடையைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை: கிரானைட். சூடான சட்டியை இறக்கிவைத்தால் கல்தூளில் பிசின் கலந்து செய்யும் செயற்கைக் குவார்ட்ஸ் நிறம் மாறலாம். வெளிர்நிறப் பரப்பில் மஞ்சள்கறையும் பளிச்சென்று தெரியும். வெயில் படும் இடத்தில் அந்தக் கறை மெல்ல வெளுக்கும், ஆனால் சமையல் மேடைக்கு வெயில் ஏது? இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா என்னும் கனிமம் மிக அதிகம். அதை அறுக்கும் தொழிலாளிகளின் நுரையீரலை அந்தச் சிலிக்காத் தூசி அரித்ததனால்தான் ஆஸ்திரேலியா 2024 சூலை 1 முதல் அதைத் தடைசெய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் வெகுவாகக் குறைவு. எந்தக் கல்லாயினும் நீர் தெளித்து அறுக்கும் பட்டறையைத் தேடுங்கள். கிரானைட்டுக்கு அவ்வப்போது கறை ஊறாமல் தடுக்கும் சீலர் பூசினால் போதும்.

அலமாரிக்கு 16 மில்லிமீட்டர் மெலமைன் சிப்போர்டு (மரச்சில்லுகளை அழுத்திச் செய்து மேலே மெலமைன் ஒட்டிய பலகை) விலைக்குத் தக்க பொருள்தான், ஆனால் கடற்காற்றின் ஈரம் வெட்டிய ஓரங்கள் வழியே புகும். என் தாயார் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழிருந்த பலகை நான்கே ஆண்டுகளில் ஊறி உப்பியது. தொட்டிக்கடியில் மட்டுமாவது ஈரம் தாங்கும் பலகையைப் போட்டு, குழாய் செல்லும் துளையின் ஓரத்தைச் சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள்.