உப்புவெளியில் 1782: திருமலை லார்ப் ஆட்டத்துக்குப் போகலாமா, போனால் எப்படி ஆடுவது

திருகோணமலையில் லார்ப் நடத்துகிறார்களாமே, காசுக்குப் பெறுமதியா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போங்கள். ஆனால் ஓரமாக நின்று விடுப்புப் பார்த்துவிட்டு வரும் எண்ணத்தோடு போகாதீர்கள். இதில் பார்வையாளர் என்று ஒருவரும் கிடையாது, வருகிற எல்லோருமே ஆட்டக்காரர்தான், சும்மா நிற்கிற ஒவ்வொருவராலும் மற்றவர்களின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும்.

லார்ப் தெரியாதவர்களுக்கு: ஒரு பாத்திரமாக உடுத்து, அந்தப் பாத்திரமாகவே நாள் முழுக்க நடந்து, கதைத்து, சாப்பிட்டு, சண்டை பிடிக்கிற விளையாட்டு. வசனம் எழுதித் தரமாட்டார்கள், முடிவும் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் 1977இல் டாகோர்ஹிர் என்று ஸ்பொஞ்ச் ஆயுதங்களோடு தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1982இல் செஷயரில் இருக்கும் பெக்ஃபோர்டன் கோட்டைக்குள்ளேயே ட்ரெஷர் ட்ராப் என்ற ஆட்டத்தை நடத்தினார்கள். இங்கே நடத்துபவர்கள் திருமலைப் பிள்ளைகள் சிலர், பெயர் வைத்த நிறுவனம் ஒன்றும் இல்லை, உப்புவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு வளவை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். கட்டணம் நிலாவெளியில் ஒரு சுமாரான அறையில் ஓர் இரவு தங்குகிற செலவுக்குள் அடங்கிவிடும், பகல் சாப்பாடும் அதற்குள்தான்.

கதைக்கு அவர்கள் எடுத்த காலம் எனக்கு மிகவும் பிடித்தது. 1782ஆம் ஆண்டு நம்முடைய ஊர் ஒரே வருடத்துக்குள் மூன்று கொடி பார்த்தது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து ஆங்கிலேயரிடமிருந்து பறித்தது, செப்டெம்பர் 3ஆம் திகதி ஆங்கிலேயத் தளபதி ஹியூசின் கப்பல்கள் வந்து வெளிக்கடலில் பெரிய சண்டை நடந்தது. ஆட்டம் நடப்பது அந்தக் கடைசி இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நாளில். கோட்டையில் புதிய கொடி, கடலில் எந்த நேரம் யார் வருவார்கள் என்று தெரியாது, ஊருக்குள் இருக்கிற வியாபாரி, தோணிக்காரர், பரியாரியார், மொழிபெயர்த்துக் கொடுக்கிற துபாசி, வேலை போன ஒல்லாந்தக் கணக்கர் எல்லோரும் யார் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்து போன விஷயத்தை வெயிலில் நின்று பேரம் பேசிப் பார்க்கும்போதுதான், கொடி மாறுகிற ஒவ்வொரு முறையும் ஊர்ச்சனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று உறைக்கிறது.

எனக்குத் தந்தது நெல் வியாபாரி பாத்திரம். தாளில் நாலு வரிதான் இருந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தோணிக்காரப் பெண், கையில் ஒரு பழைய கொப்பி, நேராக என்னிடம் வந்து, "ஆச்சி, போன மாரியில நீங்கள் ஏத்தி விட்ட நெல்லுல பாதி பதர். ரெண்டு தோணிக் கூலி இன்னும் நிக்குது. இண்டைக்குத் தீர்க்காட்டிக் கப்பல்காரனிட்டச் சொல்லுவன்" என்றார். என் தாளில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவராகவே உண்டாக்கியது. நான் "ஓம், கடன் இருக்குத்தான், ஆனால் பதர் எண்டு சொல்லாதை" என்று ஏற்றுக்கொண்டதோடு எனக்கு ஒரு பகை, ஒரு கடன், ஒரு பயம் மூன்றும் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிட்டன. அதன் பிறகு அன்று முழுக்க எனக்கு ஓய்வே இல்லை. பிறகு கவனித்தால், அந்தக் கொப்பியில் எல்லோர் பெயரிலும் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தார்! பரியாரியாருக்கு ஒரு நன்றிக்கடன், கணக்கருக்கு ஒரு பழைய பொய், காவல்காரனுக்கு அவருடைய தங்கையைப் பற்றி ஒரு செய்தி. ஆட்டம் முடிந்து எல்லோரும் வட்டமாக இருந்து கதைத்தபோது ஒவ்வொருவர் வாயிலும் வந்தது அந்தத் தோணிக்காரியின் பெயர்தான்.

இதற்கு நேர் எதிராக, பிரெஞ்சுக் கப்டனாக வந்தவரின் உடுப்பு அவ்வளவு அருமை. பொத்தான் முதல் சப்பாத்து வரை தானே தைத்தும் பூசியும் கொண்டு வந்திருந்தார், தொடக்கத்தில் ஒரு நல்ல பேச்சும் பேசினார். ஆனால் அவருக்கு யாரிடமும் எதுவும் தேவைப்படவில்லை. அதிகாரம் கையில், காசு கையில், வாள் இடுப்பில். பின்னேரம் ஆகும்போது தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவருடைய பிழை என்று நான் சொல்லமாட்டேன், அந்தப் பாத்திரத்தை எழுதியவர்கள் அவருக்கு ஒரு தட்டுப்பாட்டைக் கொடுத்திருக்க வேண்டும், தண்ணீர்ப் பஞ்சமோ, நோய் பிடித்த மாலுமிகளோ, ஏதாவது. கிழக்கில் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு வரவு ஆட்டம்தான் பெரிது, களரிக்குள் நுழைகிற விதத்திலேயே ராசா யார் என்று காட்டிவிட வேண்டும். கூத்தில் அதைப் பார்க்கச் சுற்றிவரச் சனம் இருக்கிறது. லார்ப்பில் உங்கள் வரவைப் பார்ப்பவர்களும் ஆளுக்கொரு சிக்கலோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய சிக்கலுக்குள் நீங்கள் நுழைந்தால்தான் உங்களை நினைவில் வைத்திருப்பார்கள்.

ரகசியம் விஷயத்திலும் இதுதான். ஆங்கிலேயருக்கு உளவு பார்த்த ஒரு தம்பி கடைசிவரை யாரிடமும் மாட்டவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒளித்தார், அதனாலேயே அந்த உளவுக்கதை ஒருவருக்கும் தெரியாமல் வீணாய்ப் போனது. துபாசியாக வந்த அக்காவோ தான் இரண்டு பக்கமும் காசு வாங்குவதற்கான ஓலையை வெற்றிலைத் தட்டத்துக்குக் கீழே பாதி வெளியே தெரிய வைத்துவிட்டு எழும்பிப் போனார். வேண்டுமென்றுதான். கணக்கர் அதைக் கண்டெடுத்து, என்னிடம் விற்கப் பார்த்து, நான் அதை வைத்து என் கடனைக் கழிக்கப் பார்த்து, ஒரு ஓலையில் ஏழெட்டுப் பேருக்கு ஒரு மணி நேர வேலை. நோர்வே, சுவீடன் பக்கத்து லார்ப்காரர்கள் இதைத் தோற்பதற்காக ஆடுவது என்பார்கள், மற்றவரைத் தூக்கிவிட ஆடுவது என்றும் சொல்வார்கள். அவர்கள் 1997இல் ஒஸ்லோவில் தொடங்கிய க்னூட்டபுங்க்ட் சந்திப்பில் வருடாவருடம் இப்படியான விஷயங்களைத்தான் இருந்து கதைக்கிறார்கள்.

வெற்றிலைத் தட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, போகிறவர்கள் உடுப்புக்குச் செலவழிக்கிற காசில் ஒரு பங்கை இப்படியான கைப்பொருளுக்கு ஒதுக்குங்கள். வெற்றிலையை நீட்டினால் நம்முடைய ஆக்கள் நின்று இரண்டு வார்த்தை கதைக்காமல் போகமாட்டார்கள். கொடுக்கக்கூடிய, களவு போகக்கூடிய, அடகு வைக்கக்கூடிய பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. உடுப்புக்குப் பழைய சாரமும் மேலே ஒரு சால்வையும் போதும், கைக்கடிகாரத்தையும் போனையும் மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். வாள்கள் ஸ்பொஞ்ச் சுற்றியவை, தலையில் அடிக்கக் கூடாது, குத்தக் கூடாது. துப்பாக்கி மாதிரித் தெரிகிற எதுவுமே வளவுக்குள் இல்லை. கோட்டைக்குள் இன்றைக்கும் இராணுவம் இருக்கிற ஊர் இது, வாள்களைக்கூடப் பையில் மூடித்தான் கொண்டு வருகிறார்கள், ரோட்டில் எடுப்பதே இல்லை. "மெல்ல" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் காட்சியின் சூட்டைக் குறைக்க வேண்டும், "நிறுத்து" என்றால் அந்த இடத்திலேயே எல்லாம் நிற்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டங்களிலும் இப்படி இரண்டு சொல் வைத்திருப்பார்கள், ஆனால் இங்கே அதற்கு வேறு கனம் இருக்கிறது. பிரெஞ்சுக் காவல்காரர் தோணிக்காரர்களை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்கிற காட்சி வந்தபோது, வரிசையில் நின்ற வயதில் மூத்த ஒரு ஐயா "நிறுத்து" என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்கவும் தேவையில்லை. நடத்துகிற பிள்ளை ஒருவர் அவரோடு போய் நிழலில் இருந்தார், தேத்தண்ணி கொடுத்தார்கள், காவல் காட்சியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டம் வேறு வழியால் போனது. ஐயா பிறகு தானாகவே திரும்பி வந்து, சந்தையில் மீன் விலை பேசி ஊரையே சிரிக்க வைத்தார். இதை இவ்வளவு பதற்றமில்லாமல் கையாளத் தெரிந்த குழுவை நம்பி என் தங்கச்சியையும் அனுப்புவேன்.

குறைகளும் இருக்கின்றன. ஆட்டம் நன்றாகப் பிந்தித்தான் தொடங்கியது. வரலாற்றுக் குறிப்பு என்று முதல் நாள் இரவு அனுப்பிய கோப்பு அளவுக்கு மீறி நீளம், அதைக் குறைத்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் யார் யாரைத் தெரியும் என்று ஒரு பக்கம் எழுதித் தந்திருந்தால் தனித்து நின்றவர்கள் தப்பியிருப்பார்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியானம் அந்த மணலில் கால் வைக்க முடியாது, நிழலுக்கு இன்னும் இரண்டு கொட்டில் வேண்டும். பெண்கள் உடுப்பு மாற்ற ஒரேயொரு அறை, அதுவும் கொக்கி சரியில்லை, இது கட்டாயம் திருத்த வேண்டிய விஷயம். பகல் சாப்பாடு சோறு, பாரைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நல்ல ருசி, வயிறு நிறையத் தந்தார்கள். சாப்பிடும்போதும் பாத்திரத்தை விடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைய பெரிய சதிகள் எல்லாம் அந்தப் பந்தியில்தான் உருவாகின, ஆகவே பகையாளிக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.

அடுத்த ஆட்டத்தை மாரி தொடங்க முதல் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். பதியும்போது என்ன பாத்திரம் விருப்பம் என்று கேட்பார்கள். முதல் தரம் போகிறவர்கள் கப்டனைக் கேட்காதீர்கள். துபாசி, வியாபாரி, தோணிக்காரர் மூன்றில் ஒன்றைக் கேளுங்கள், அந்த மூவரிடம்தான் ஊர் முழுக்க வந்து போகும். கூட வருகிறவர்களில் யாராவது இரண்டு பேரோடு முன்கூட்டியே கதைத்து, ஒருவரிடம் உங்களுக்கு ஒரு கடனும் இன்னொருவரோடு ஒரு பழைய கோபமும் வைத்துக்கொண்டு போங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம், போத்தலை ஒரு துணியால் சுற்றிவிட்டால் 1782க்கும் பொருந்தும்.